எவ்லின் வீட்டு டிரெஸ்ஸிங்

எவ்லினுக்குச் சமையலில் ஒருபோதும் ஆசை இருந்ததில்லை. கொழும்புக் கோட்டையில் ஒரு கப்பல் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, தலை நரைத்த பிறகு அங்கேயே ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கொட்டாஞ்சேனையில் பழைய மாடிக் கட்டடம் ஒன்றில் இரண்டு அறை வீடு. காலையில் பேக்கரிப் பாணும் பருப்பும், மத்தியானம் கடைச் சோற்றுப் பார்சல், இரவில் மிச்சமிருக்கும் பாண். அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் கொதித்தால் அன்றைய சமையல் முடிந்தது.

அந்த வீட்டுக்குத்தான் தம்பி மெல்ரோய் ஒரு பையோடு வந்து சேர்ந்தான். துறைமுகத்தில் கொள்கலன்களை எண்ணிப் பதியும் வேலை அவனுக்கு. வேலை நேரம் முழுக்க வாயில் வெற்றிலை இருக்கும். கன்னத்தின் உட்பக்கத்தில் ஒரு புண் ஆறாமலே கிடந்து, கடைசியில் அது புற்றுநோய் என்று தெரிந்தது. சத்திரசிகிச்சையும் அதற்குப் பிறகு கதிர்ச் சிகிச்சையும் வேண்டும் என்றார்கள். அவன் மனைவி றோஸி இத்தாலியில் ஒரு பணக்காரக் கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். விசாப் பேப்பர்கள் சரியாகும் முன்பு புறப்பட்டால் திரும்பிப் போக முடியாது. தொலைபேசியில் அழுதாள். எவ்லின்தான், நீ இரு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னார். வேறு என்ன சொல்வது என்று அவருக்கு அப்போது தெரியவில்லை.

சத்திரசிகிச்சை முடிந்து காயம் ஆறியதும், கதிர்ச் சிகிச்சைக்கு அக்காவும் தம்பியும் வேலை நாள் ஒவ்வொன்றிலும் மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் போய் வந்தார்கள். பாதிச் சிகிச்சையிலேயே மெல்ரோயின் வாய் வெந்துபோயிற்று. உமிழ்நீர் நின்றுவிட்டது. சோறு மணலைப் போலத் தொண்டையில் ஒட்டியது. பாண் மேலண்ணத்தில் அப்பிக்கொண்டு, விரலை விட்டு எடுக்க வேண்டியிருந்தது. உணவு ஆலோசனை சொல்லும் மிஸ் சிங்களத்தில் பொறுமையாக விளக்கினார். எல்லாவற்றையும் ஈரமாகவும் வழுவழுப்பாகவும் கொடுக்க வேண்டும், எண்ணெயும் பாலும் சேர்ந்த கிரீம் போன்ற எதையாவது மேலே ஊற்றிக் கொடுங்கள், உடம்புக்குப் பலமும் வரும் என்றார். மிளகாய், மிளகு போன்ற காரமும், தேசிக்காய், வினாகிரி போன்ற புளிப்பும் படக் கூடாது. பச்சை முட்டையும் ஆகாது.

எவ்லின் சூப்பர் மார்க்கெட்டில் பச்சைக் காய்கறியில் ஊற்றும் சலாது டிரெஸ்ஸிங் போத்தல்கள் அடுக்கியிருந்த தட்டின் முன்னால் நின்று, கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு லேபிளாக வாசித்தார். எல்லாவற்றிலும் வினாகிரி இருந்தது, பலதில் கடுகும் இருந்தது. குறைவாகத்தான் இருக்கும் என்று நினைத்து ஒன்றை வாங்கி வந்தார். மெல்ரோய் ஒரு கரண்டியை வாயில் வைத்தான். கண்ணால் நீர் வழிய எழுந்துபோய்க் குழாயடியில் வாயைத் திறந்தபடி நின்றான். எவ்லின் போத்தலை மூடி, கீழ் வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டார். இனி இதை வீட்டில்தான் செய்தாக வேண்டும்.

அலுவலகத்தில் பிரியாவிடைக்குக் கொடுத்த பிளெண்டர் இன்னும் பெட்டியோடு அலுமாரிக்கு மேலே இருந்தது. அதை இறக்கினார். அவித்த முட்டையின் மஞ்சள் கருவை அரைத்து, தேங்காயெண்ணெய் விட்டுப் பார்த்தார். கலக்கும்போது நன்றாகத்தான் இருந்தது. பிரிட்ஜில் வைத்ததும் எண்ணெய் உறைந்து மெழுகுக் கட்டியாகிவிட்டது. சூரியகாந்தி எண்ணெய் வாங்கி மறுபடி செய்தார். அது திரிந்து, மேலே எண்ணெயும் கீழே முட்டைக் கருவுமாகப் பிரிந்து நின்றது. அன்று மெல்ரோய் ஆறின சூப்பை மட்டும் குடித்துவிட்டுப் படுத்தான். எவ்லின் சட்டியைக் கழுவாமல் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

எதிர் வீட்டு பஹ்மிதா பிறந்தநாள் விழாக்களுக்குச் சாப்பாடு செய்து கொடுப்பவள். பிளெண்டர் சத்தம் கேட்டுக் கேட்டு, என்னதான் நடக்கிறது என்று எட்டிப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டதும், "முட்டயே வாணாம் ஆன்ட்டி. ஐஸ் மாதிரி குளிர்ந்த பாலு ஈந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு, அங்கேயே நின்று செய்து காட்டினாள். குளிர்ந்த பாலைப் பிளெண்டரில் ஓடவிட்டு, மூடித் துவாரத்தால் எண்ணெயை நூல் போல விட வேண்டும். அவசரப்பட்டால் திரிந்துவிடும். பிளெண்டரின் சத்தம் மெல்ல மாறி, உள்ளே இருந்த பால் வெளுத்துத் தடித்தது. அதில் துணியில் கட்டித் தொங்கவிட்ட தயிரை ஒரு கரண்டி சேர்த்தாள். புளிக்காத தயிராக இருக்க வேண்டும் என்று எச்சரித்தாள்.

துருவிப் பிழிந்த வெள்ளரிக்காயில் அதை ஊற்றிக் கொடுத்தபோது, மெல்ரோய் கிண்ணத்தை முழுவதும் வழித்துச் சாப்பிட்டான். மசித்த உருளைக்கிழங்கிலும், முள் நீக்கி அவித்த மீனிலும், பாலில் ஊறவைத்த பாணிலும் அதுவே போயிற்று.

அதன் பிறகு நாட்கள் எல்லாம் ஒன்றுபோல ஆயின. தயிரைக் கட்டுவது, பாலைக் குளிர வைப்பது, எண்ணெய் விடுவது, பிளெண்டரைக் கழற்றி எண்ணெய்ப் பிசுக்குப் போகத் தேய்ப்பது. பழையதைக் கொடுக்கப் பயந்து காலையிலும் மாலையிலும் புதிதாகச் செய்தார். எண்ணெய்ப் போத்தலை ஒரே அளவாகச் சரித்துப் பிடித்திருந்ததில் வலது தோள் பிடித்துக்கொண்டது. ருசி பிடிக்காமல் அவன் வெறுத்துவிடுவான் என்ற பயத்தில், ஒருநாள் உள்ளிப் பூண்டை அவித்து மசித்துச் சேர்த்தார், இன்னொரு நாள் கஜு முந்திரியை ஊறவைத்து அரைத்தார், பிறகு பட்டர்புரூட் பழம் கலந்து பச்சை நிறமாகச் செய்தார். இப்போது எப்படி, இது நல்லாயிருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேட்டார். அவன் தலையை ஆட்டுவான். சில நாள் அதுவும் இல்லை. சுவருக்குப் பூசும் சுண்ணாம்பைத்தான் தினமும் தின்கிறேன் என்று றோஸியிடம் தொலைபேசியில் சொன்னதை எவ்லின் அடுத்த அறையிலிருந்து கேட்டார். அவனுக்கு வேறு, தனக்கு வேறு என்று செய்யத் தெம்பில்லாமல், அவரும் அதையேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சிகிச்சை முடிந்த பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, எவ்லின் தேவாலயத்தில் பூசை கண்டு வீட்டுக்கு வந்தபோது மெல்ரோய் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் கடையில் வாங்கிய தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தல் திறந்தபடி கிடந்தது. உதட்டோரம் இரத்தம் கசிந்திருந்தது. எவ்லினுக்கு முதலில் கோபம்தான் வந்தது. இவ்வளவு நாள் பட்ட பாடெல்லாம் இதற்குத்தானா என்று கேட்க வாயெடுத்தார். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு கோப்பையில் குளிர்ந்த பாலைக் கொண்டுவந்து கொடுத்து, அவனருகே தரையிலேயே உட்கார்ந்தார். மெல்ரோய் பாலை வாயில் வைத்திருந்து விழுங்கினான்.

"ருசி தெரியுதா எண்டு பாக்கத்தான் அக்கா."

"தெரிஞ்சதா?"

"இல்ல. எரிஞ்சது, அவ்வளவுதான்."

எவ்லின் ஊறுகாய்ப் போத்தலை எடுத்து மூடினார். "அப்ப நான் செய்றதும் தெரியல்லயா? உள்ளி போட்டது, கஜு போட்டது?"

"ஒண்டும் தெரியல்ல. நீங்க கஷ்டப்பட்டுச் செய்றீங்க, எப்பிடிச் சொல்ற."

பிறகு அவனே சொன்னான், குளிர் தெரிகிறது, வழுவழுப்புத் தெரிகிறது, மற்றது எதுவும் இல்லை என்று. எவ்லின் எழ முயன்றார். முழங்கால் விடவில்லை. அவன்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

அன்றிலிருந்து எவ்லின் ருசிக்காகச் செய்வதை விட்டார். உள்ளியும் இல்லை, கஜுவும் இல்லை. உப்பைக்கூட மறந்துபோனார். பாலும் எண்ணெயும் தயிரும் மட்டும். அதைக் கிண்ணத்தோடு ஐஸ் தண்ணீரில் வைத்துக் குளிரக் குளிரக் கொடுத்தார். நல்லாயிருக்கிறதா என்று கேட்பதையும் நிறுத்தினார். இப்போது மெல்ரோய்தான் பேசினான். நேற்றையது தடிப்பு, தொண்டையில் நின்றது, இன்றையது நன்றாக இறங்குகிறது, வெள்ளரிக்காயை இன்னும் மெல்லிசாகத் துருவலாம் என்பான். அதற்கேற்ப அவர் பாலைக் கூட்டினார், எண்ணெயைக் குறைத்தார். அது உணவைப் பற்றிய பேச்சு மாதிரியே இல்லை. ஆனால் அவன் வந்த நாளிலிருந்து அந்த வீட்டில் இருவரும் ஒழுங்காகக் கதைத்தது அதைப் பற்றித்தான். பிளெண்டரை அவன் கழுவத் தொடங்கினான். அந்த நேரத்தில் எவ்லின் போய்ப் படுத்துக்கொண்டார்.

மழைக்காலம் ஒன்று போயிற்று. டொக்டர்மார் திருப்திப்பட்டார்கள். உமிழ்நீர் பழைய அளவுக்கு வராது, சாப்பாட்டுக்கு ஈரம் எப்போதும் வேண்டியிருக்கும் என்று மட்டும் சொன்னார்கள். ஒரு மத்தியானம் மெல்ரோய் முதல் கரண்டியை வாயில் வைத்துவிட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு அப்படியே இருந்தான். எவ்லின் பயந்துபோய், எரிகிறதா என்று கேட்டார்.

"எரியல்ல. அக்கா, இது நல்லாவே இல்ல. உப்பும் இல்ல, ஒண்டும் இல்ல."

எவ்லின் தன் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் பார்த்தார். உண்மைதான். எண்ணெய் வாடையும் ஈரமும் தவிர அதில் ஒன்றுமில்லை. இத்தனை மாதம் இதைத்தான் தானும் மூன்று வேளையும் தின்றிருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவருக்குச் சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை. கண்ணைத் துடைத்தபடி, "அப்ப இனி நீயே செய்" என்றார்.

விளையாட்டுக்குச் சொன்னதாகத்தான் மெல்ரோய் நினைத்தான். மறுநாள் காலையில் எவ்லின் ஒரு சிறிய பையோடு வாசலில் நின்றார். பால் பிரிட்ஜில் இருக்கிறது, தயிர் கட்டித் தொங்குகிறது, திரிந்தால் பஹ்மிதாவிடம் கேள் என்று சொல்லிவிட்டு, பஸ் ஏறி வெள்ளவத்தைக்குப் போனார். அங்கே கடற்கரைப் பக்கத்து மாடி வீடொன்றில், அவரோடு அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருந்த பத்மாவதி தனியாக இருந்தார். எத்தனையோ தடவை வரச் சொல்லி அழைத்தவர்.

பத்மாவதி தோசையும் இடித்த சம்பலும் வைத்தார். சம்பல் உறைத்து எவ்லினின் மூக்கில் நீர் வடிந்தது. இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். மெல்ரோய்க்கு இப்போது எப்படி என்று பத்மாவதி விசாரித்தார். பரவாயில்லை என்றார் எவ்லின். சாப்பிடுகிறானா என்று கேட்டதற்கும் ஓம் என்றார். தோசையில் இன்னொரு துண்டைப் பிய்த்துச் சம்பலில் தோய்த்தார்.

மத்தியானம் மெல்ரோய் அழைத்தான். முதல் தடவை திரிந்துவிட்டதாம், இரண்டாவது சரியாம், உள்ளி போட்டானாம். றோஸிக்குப் படம் அனுப்பியிருக்கிறானாம். எவ்லின் எல்லாவற்றையும் கேட்டு, நல்லது என்றார். எப்போது வருவீர்கள் என்று அவன் கேட்டான்.

"தெரியல்ல. நித்திரையாப் போறன்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

பத்மாவதி தேநீரோடு வந்து பார்த்தபோது, எவ்லின் மெத்தை போட்ட செட்டியில் சாய்ந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்கிப்போயிருந்தார். கீழே கரையோர ரயில் கட்டடம் அதிரக் கடந்து போயிற்று. அவர் அசையவில்லை. பத்மாவதி தேநீரை மூடி வைத்துவிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.