உப்புப் பூத்த சுவர்

அஞ்சலை அக்காவின் வீடு இடிபட்டதற்குக் காரணம் நான்.

இடித்த இயந்திரம் பேரூராட்சியுடையது. சிதிலமான பகுதியை இடித்துச் சீரமைக்க அவர்களுக்கு அதிகாரம் இருக்கிறதாம். இருக்கட்டும்! சுவரில் சிவப்புக் குறியைப் போட்டது இந்தக் கை.

எட்டாவதோடு படிப்பை விட்டு, ஊர் ஊராய்த் திரிந்து, கிடைத்த வேலையைச் செய்கிறவன் நான். அன்று கிடைத்தது பெயிண்ட் டப்பா. உப்பளத்தை ஒட்டிய அந்தத் தெருவில் அலுவலர் ஜீப்பைவிட்டு இறங்கவில்லை. சேறாம்! உப்புப் பூத்த சுவரெல்லாம் பலவீனம், குறி போடு என்றார்.

அந்தக் காற்றில் உப்புப் பூக்காத சுவர் எது? அவருடைய அலுவலகச் சுவரும் பூத்துத்தான் கிடக்கிறது! அதற்கு யார் குறி போட்டார்கள்?

நான் கேட்கவில்லை. போட்டுக்கொண்டே போனேன்.

அஞ்சலை அக்கா வீட்டின் முன்னால்தான் கை நின்றது. உப்பு வாரிய கூலியில் அவள் கட்டிய வீடு. கொத்து வேலை பார்த்த காலத்தில் அந்தச் சுவரைப் பூசியவனே நான்தான். கல் மாதிரி நிற்கும் என்று எனக்குத் தெரியும்.

"நீ பூசுன சுவருடா இது. அவருகிட்ட நீயே போய் சொல்லு" என்றாள்.

ஜீப்புக்குப் போனேன். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்பா, அந்த வீடு கெட்டியா இருக்குதா? இருந்தா வுட்டுடு" என்றார் அலுவலர்.

கேட்டார்... அவராகவே கேட்டார்!

"இல்ல சார், உள்ள அரிச்சிட்டிருக்குது" என்றேன்.

ஏன் சொன்னேன்? அவருக்குப் பிடித்த மாதிரி பேசினால் நாளைக்கும் வேலை தருவார் என்ற நப்பாசையா? வீடில்லாமல் திரிகிறவனின் வயிற்றெரிச்சலா? இன்றுவரை தெரியவில்லை...

இடித்த அன்று மற்ற சுவர்கள் சீக்கிரம் சரிந்தன. அவளுடையது நின்றது. இயந்திரம் பின்வாங்கிப் பின்வாங்கி வந்து மோதியது.

இப்போது அங்கே ஒரு பூங்கா. கேட்டில் எப்போதும் பூட்டு. தெரு புதுப்பிக்கப்பட்டது என்று பலகை வேறு! தெருவில் வாழ்ந்தவர்களை வெகுதூரத்தில், பிரம்மதேசம் ஊரையும் தாண்டிக் கொண்டுபோய்ப் போட்டார்கள். உப்பு வார விடியுமுன் பாத்தியில் இறங்க வேண்டும். அந்த நேரத்துக்கு அங்கிருந்து பஸ் கிடையாது. அக்காவின் வேலையும் போயிற்று.

அண்மையில் பஸ் ஸ்டாண்டில் என்னைக் கூப்பிட்டு நிறுத்தி, டீ வாங்கிக் கொடுத்தாள்.

"நீயும் சொல்லித்தான் பாத்த. அவனுங்க கேக்கல. நீ இன்னாடா பண்ணுவ?"

உங்களிடம் சொல்கிற இதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த டீயையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.