சேற்றில் காலைத் தூக்கக் கூடாது

1. முதல் நாள்

எழுபதுகளின் கடைசியில் பட்டு நூல் கிடைக்காமல் ஆரணியில் எங்கள் தறி நின்றது. நூல் வரும்வரை பிழைக்க வேண்டுமே என்று நானும் என் வீட்டுக்காரரும் மரக்காணம் பக்கம் கிளிஞ்சல் பொறுக்கப் போனோம். சுண்ணாம்புக் காளவாய்க்கு அது போகும்.

நாங்கள் இறங்கிய இடம் உப்பங்கழி. கடல் தண்ணீர் உள்ளே வந்து அடங்கிக் கிடக்கும், அலை இருக்காது. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, சேற்றைக் காலால் துழாவிக் கிளிஞ்சல் எடுக்க வேண்டும். பொறுக்குகிறவர்களுக்கு அஞ்சலை அக்காதான் மேஸ்திரி. இறங்குமுன் சொன்னார்:

“காலத் தூக்கி வெக்காதீங்க. தேச்சிகினே போங்க. கீழ திருக்கை மண்ணப் போத்திகினு படுத்துகினு இருக்கும். கால் இடிச்சா நவுந்து பூடும். மேல மிதிச்சா வால் முள்ளால குத்திடும்.”

நான் தேய்த்தே நடந்தேன். மடவை மீன் குஞ்சுகள் முழங்காலில் முட்டும். நண்டு விரலிடுக்கில் ஓடும். நாலு பேர் முன்னால் கத்த வெட்கப்பட்டுப் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

என் வீட்டுக்காரருக்குத் தேய்க்க வரவில்லை. சின்ன வயதிலிருந்து குழித்தறியில் மிதிபலகை மிதித்த கால். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும்.

“யோவ் தறிக்காரே, கீழ இன்னா சேலையா நெய்யற?” என்று அக்கா கேட்டார்.

“கால் சொன்ன பேச்சு கேக்கலியேக்கா,” என்று இவரும் சிரித்தார்.

2. முள்

சில வாரம் கழித்து ஒரு காலையில் இவர் அலறினார். கணுக்கால் பக்கம் தண்ணீர் சிவந்தது. அக்கா கரைக்கு இழுத்து வந்து, வெந்நீரில் காலை முக்கி வைத்தார். வலி அடங்கியது.

“ஜல்தியா ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போம்மா. உள்ள முள்ளு ஒடிஞ்சி நிக்கும்.”

இவர் கிளம்பவில்லை.

“என்னாங்க, போயிட்டு வந்துடலாங்க.”

“கால எடுக்கணும்னு சொல்லிட்டா? நாளைக்குத் தறியில எப்படி உக்கார்றது? வலிதான் நின்னுடுச்சே, சும்மா இரு.”

நூல் வந்துவிட்டதென்று ஆரணியிலிருந்து ஆள் வந்தபோது, கால் முழங்கால் கிட்ட வரைக்கும் கறுத்திருந்தது. பெரியாஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் தறிக்குழியில் நான் இறங்கினேன். இவர் மேலே உட்கார்ந்து ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றித் தந்தார். நான் பலகை மாறி மிதித்தால், “எடது, எடது” என்பார்.

கடல் பக்கம் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். திருக்கை குத்தினால், வலி நின்றதை நம்பாதீர்கள். அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கால் போய்விடும் என்ற பயத்தில்தான் என் வீட்டுக்காரர் போகாமல் இருந்தார்.