ட்ரங்க் காலில் மல்லாட்டை

செஞ்சி நூலகத்தில் நான் பார்த்த வேலைக்குப் பெயர் கிடையாது. இங்கே இல்லாத புத்தகத்தை யாராவது கேட்டால் நூலகர் சீட்டு எழுதிக் கொடுப்பார். நான் பஸ் ஏறிக் கடலூர்ப் பெரிய நூலகத்துக்குப் போவேன். இருந்தால் வாங்கி வருவேன், இல்லாவிட்டால் வெறுங்கையோடு திரும்புவேன். எப்படியும் ஒரு பகல் போய்விடும். பஸ் காசு, சாப்பாட்டுக் காசு, படுக்க நூலகத்தின் பின்னறை. எட்டாவதோடு நின்று, ஊர் ஊராக வேலையை விட்டு ஓடியவனுக்கு அது பெரிய வேலை.

எண்பதுகளின் நடுவில் மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பெரிய நூலகத்தோடு தொடர்பு வைத்துக்கொள்ள எந்த வழி மலிவு என்று ஒப்பிட்டு எழுதச் சொல்லியிருந்தார்கள். நூலகர் தாளில் மூன்று கட்டம் போட்டார். சொந்த டெலிபோன், எதிர் மண்டி போனில் ட்ரங்க் கால், ஆள். மூன்றாவது கட்டம் நான்தான். என் செலவை என்னிடமே கேட்டு எழுதினார். டெலிபோனுக்குக் கட்ட வேண்டிய தொகையைப் பார்த்ததும் எனக்கு நிம்மதி. பின்னறை தப்பித்தது.

"மண்டியிலயும் ஒரு தபா பேசிப் பார்த்துட்டு எழுதணும்," என்றார்.

அன்று கையில் இருந்த சீட்டு சிங்கவரத்து விவசாயி ஒருவருடையது. மல்லாட்டை இலையில் புள்ளி விழுகிறது, அதற்குப் புத்தகம் வேண்டும்.

மண்டி பாய் சிரித்தார். "இன்னா சார், பொஸ்தகத்துக்கு ட்ரங்க் காலா? எங்க ஊட்ல சாவு விழுந்தாத்தான் போடுவோம்."

"இதுவும் சாவுதான் பாய். செடி சாவுது."

எக்ஸ்சேஞ்சில் கடலூருக்கு லைன் கேட்டுப் பதிவு செய்துவிட்டு மூட்டைகளின் மேல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். மணி அடித்தது. மறுமுனையில் புதிதாக மாற்றலாகி வந்த தெற்கத்திக்காரர்.

"மல்லாட்டை! மல்லாட்டைல புள்ளி நோய்!" என்று நூலகர் கத்தினார்.

"மல்லியா? பூச்செடியா?" குரல் ரிசீவரை மீறி வெளியே கேட்டது.

"பூ இல்லீங்க, மல்லாட்டை!"

"இருங்க, 'ம' வரிசையில பார்க்கேன்."

அப்போது அந்தச் சத்தம் வந்தது. புத்தகப் பட்டியல் கார்டு டிராயரை இழுக்கும் கிறீச். நானே எத்தனையோ முறை இழுத்த டிராயர். பஸ்ஸில் பாதி நாள் போக வேண்டிய ஊரில் யாரோ அதை இழுக்கிறார்கள், செஞ்சியில் மூட்டைக்குப் பக்கத்தில் எனக்குக் கேட்கிறது. ஆனால் அவர் இழுத்தது தப்பான டிராயர். கார்டில் எழுதியிருக்கும் பெயர் வேறு. எனக்குத் தெரியும். மூன்று நிமிடம் முடிந்தால் லைன் போய்விடும். போனால் என் கட்டம்தான் ஜெயிக்கும்.

"இங்க ஒண்ணும் இல்லியே," என்றது குரல்.

"நிலக்கடலைன்னு சொல்லுங்க சார்," என்றேன். "ஜன்னலோரம், கீழ் டிராயர்."

நூலகர் சொன்னார். மறுபடி கிறீச்.

"இருக்கு! ரெண்டு இருக்கு. பார்சல்ல போடுதேன்." லைன் அறுந்தது.

"வாய மூடிகினு இருந்தா உன் பொழப்பு இருந்திருக்குமே," என்றார் பாய்.

நூலகர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "எத முதல்ல எழுதட்டும்?"

"மண்டி போன எழுதுங்க சார். நான் ஒரு பகல், அது மூணு நிமிஷம்."

எழுதினார். அடுத்த வாரம் நான் அவலூர்பேட்டையில் மூட்டை தூக்கப் போனேன். போவதற்கு முன் பாயைக் கேட்டு ரிசீவரை ஒருமுறை காதில் வைத்துப் பார்த்தேன். யாரும் பேசவில்லை. ஒரே சீராக ஓர் இரைச்சல்.

"இன்னா கேட்குது?" என்றார் பாய்.

அந்த டிராயர் சத்தம் வருமா என்று ரிசீவரை இன்னும் காதோடு அழுத்திக்கொண்டேன். வைக்க மனசு வரவில்லை.