கையெழுத்துப் போடாத கற்பகவல்லி

கற்பகவல்லிக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. வாய் இறுகிப்போகும், அம்புட்டுதான். வெம்பக்கோட்டைப் பக்கத்து ஊரிலிருந்து கம்பெனி வேனில் சிவகாசிக்கு வந்து, ஒரு காலண்டர் அச்சகத்தில் பதினொரு வருசம் டிசைனராக இருந்தாள்.

ஒரு சீசனில், மதுரை ஜவுளிக்கடை ஆர்டரில் ஆடி அமாவாசை ஒரு நாள் தள்ளி அச்சாகிவிட்டது. லோடு முழுக்கத் திரும்பி வந்தது. அவள் முடித்துக் கொடுத்தபோது தேதி சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு கை வைத்தவன் முதலாளி சங்கரபாண்டியனின் மகன் ராம்குமார். ஆனால் பைண்டிங் பெண்கள், மிஷின்காரர்கள் அத்தனை பேரையும் கூட்டி, நடுவில் அவளை நிறுத்தினான்.

"அமாவாசை எதுன்னு தெரியாத ஆளுக்கு இங்கன என்ன வேலை?"

"நான் மாத்தல. நீங்கதான் மாத்துனீக."

"பொய் வேறயா?"

சங்கரபாண்டியன் மகன் முகத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அன்றைக்கே வேலை போயிற்று. திரும்பும் வேனில் ஒருத்தியும் அவள் பக்கத்தில் உட்காரவில்லை.

கொரோனா சமயத்தில் வீட்டிலிருந்து வேலை பார்க்கக் கொடுத்த பாஸ்வேர்டு அவளிடம் இருந்தது. வேலை போன ஒன்பதாம் நாள் போட்டுப் பார்த்தாள். கம்பெனி சர்வர் திறந்துகொண்டது. யார் எந்தப் பக்கத்தைத் திருத்தினார்கள் என்ற பதிவைத் தேடினாள். ராம்குமார் பெயரும் நேரமும் பளிச்சென்று இருந்தன. அதைப் படம் பிடித்துக்கொண்டு வெளியே வந்திருக்கலாம். அந்தப் பெயரைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. பதினொரு வருச டிசைன்களையும், தான் கண் நோகச் செய்த சாமி படங்களையும் சேர்த்து, ஒன்றுவிடாமல் அழித்தாள். அந்தப் பதிவும் அதோடு போனது. அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

அதற்கு நாலாம் நாள் சைபர் கிரைம் போலீஸ் அவளை விருதுநகருக்கு அழைத்துப்போனது.

"வேலையவிட்டு நிறுத்துன பெறகு உள்ள போனதே குத்தம்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "அழிச்சது இன்னொரு குத்தம். மூணு வருசம் வரைக்கும் கிடைக்கும்."

"தேதிய மாத்திட்டு என் மேல பழி போட்டாகளே, அதுக்கு?"

"ஆதாரம் இருக்கா?"

அதை அழித்ததே தான்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஜாமீனில் வந்தாள். சர்வரின் ஹார்ட் டிஸ்க் ஆய்வகத்துக்குப் போனது. எட்டு மாசம் கழித்து வந்த அறிக்கையில், அழிந்ததை எல்லாம் மீட்டிருந்தார்கள். அழித்தவள் கற்பகவல்லி என்று பத்துப் பக்கம். பதினோராம் பக்கத்தில், அமாவாசைக் கட்டத்தைக் கடைசியாகத் திருத்தியவர் ராம்குமார்.

அந்த வாரமே சங்கரபாண்டியன் கார் அவள் வீட்டு முன் நின்றது.

"நடந்தது நடந்துபோச்சு. ரெண்டு தரப்பும் சமாதானமாப் போக இந்தச் சட்டத்துலயே வழி இருக்கு தாயி. ஒரு கையெழுத்துப் போடு, உனக்கும் தண்டனை இல்ல."

"போட்டுரு புள்ள," என்றான் அவள் கணவன் கோட்டைச்சாமி.

"அம்புட்டுப் பேரு முன்னாடி என்னைய நிறுத்துனாக மொதலாளி. ஒங்க மகனும் கூண்டுல நின்னு சொல்லட்டும்."

"ஜெயிலுக்குப் போயிருவ தாயி."

"போறேன்."

குறுக்கு விசாரணையில் அவளுடைய வக்கீல் அழகுமீனா, பதினோராம் பக்கத்தை ராம்குமார் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார். கம்பெனி ஆட்கள் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவன் முனகினான்.

"சத்தமா," என்றார் நீதிபதி.

வாசித்தான்.

"அப்ப தேதிய மாத்துனது யாரு?" என்றார் அழகுமீனா.

"நான்தான்."

கற்பகவல்லி அவனைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆனாலும் அவள் செய்தது குற்றம்தான். ஆறு மாதம் சிறை. மேல்முறையீடு செய்யலாம் என்று அழகுமீனா சொன்னபோது வேண்டாம் என்றுவிட்டாள். வெளியே வந்தபின் சிவகாசியில் ஒரு அச்சகமும் அவளைச் சேர்க்கவில்லை. சாத்தூரில் ஒரு சின்னக் கடையில் கல்யாணப் பத்திரிகை டிசைன் செய்கிறாள்.

போன மாசம் பஸ்ஸில் பழைய பைண்டிங்காரி முத்துமாரியம்மாளைப் பார்த்தாள். ராம்குமார் இப்போதெல்லாம் மிஷின் பக்கமே வருவதில்லை, ஆட்கள் பார்த்தால் தலை குனிந்துகொள்கிறான் என்று முத்துமாரியம்மாள் சொன்னாள்.

"இங்கன உக்காருக்கா," என்று இடம் ஒதுக்கிக் கொடுத்தாள் கற்பகவல்லி. "மொதல்ல இருந்து சொல்லு."