ஒரு செபமாலைத் தூரம்

மகள் ஸ்கொட்லாந்தின் வடகோடித் தீவொன்றில் பிசியோதெரபிஸ்ட் வேலைக்குப் போனபோது நான் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். புதன்கிழமைகளில் நோயாளிகளைப் பார்க்கப் பக்கத்துத் தீவுக்குப் போவதென்றால் விமானத்தில்தான் போக வேண்டும். கப்பலில் கால் வைக்கக் கூடாது. ஏன் என்று கேட்டாள். "அம்மா சொன்னால் கேள்" என்றேன். காரணம் சொல்லிப் பிள்ளை வளர்க்கும் பொறுமை எனக்கு என்றைக்கும் இருந்ததில்லை.

அந்த இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையிலான வான்வழித் தூரத்தை தெற்கே நோர்பரியில் எங்கள் வீட்டிலிருந்தபடி இணையத்தில் தேடினேன். முப்பது கிலோமீற்றர். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையிலும் ஏறத்தாழ அவ்வளவுதான். சண்டைக்காலத்தில் அதை நாங்கள் படகில் கடந்தோம். ஏறும்போது அண்ணை என் பக்கத்தில் இருந்தார். இறங்கும்போது இல்லை. இந்த ஊரில் கணவரைத் தவிர யாருக்கும் இதை நான் சொன்னதில்லை.

எட்டுப் பேர் ஏறும் சின்ன விமானம். கால் மணி நேரப் பயணம். என் கணக்கில் ஒரு செபமாலை. "ஏறிட்டன்" என்று மகளின் செய்தி வந்ததும் மாதா படத்தின் முன் தொடங்குவேன். முடிக்கிற நேரத்தில் "இறங்கிட்டன்" என்று வரும். இதற்காகவே என் புதன்கிழமை ஷிப்டை மத்தியானத்துக்கு மாற்றியிருந்தேன்.

"மாதாவுக்கும் உன்ர கரைச்சல் தாங்கேலாது" என்பார் கணவர்.

போன மாசியில் ஒரு புதன், செபமாலை முடிந்தும் "இறங்கிட்டன்" என்ற செய்தி வரவில்லை. இரண்டாவதைத் தொடங்கினேன். அதுவும் முடிந்தது. அழைத்தால் பதிவுக்குரல்தான் பேசியது. "சிக்னல் இல்லையாக்கும்" என்றார் கணவர்; அவருடைய தேத்தண்ணியும் ஆறிப்போய்க் கிடந்தது. விமான நிலையத்தின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். பலத்த காற்றினால் காலை விமானம் ரத்து என்று போட்டிருந்தது.

அப்படியானால் பிள்ளை எதில் ஏறினாள்?

எனக்கு விளங்கிவிட்டது. மூன்றாவது செபமாலைக்கு வாய் வரவில்லை. கண்ணை மூடினால் கறுத்த தண்ணீர்தான் தெரிந்தது. என் அண்ணையை எடுத்தது போதாதா என்று மாதாவிடம் சத்தம் போட்டேன்.

இரண்டு மணித்தியாலம் கழித்து அழைப்பு வந்தது.

"சொறி அம்மா. அலை பெரிசு, கப்பலைக் கரையில கட்ட ஏலாமப் போச்சு. இப்பதான் இறங்கினனான்."

"எத்தனை நாளாக் கப்பல்ல போறாய்?"

"முதல் கிழமையில இருந்தே."

கரை கிட்ட வந்த பிறகுதான் ஒவ்வொரு புதனும் "ஏறிட்டன்" என்று அனுப்பியிருக்கிறாள். அவள் பறக்கிறாள் என்று நான் செபித்த நேரமெல்லாம் கடலில்தான் இருந்திருக்கிறாள். வாயில் வந்தபடி ஏசினேன். முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அந்தச் சின்னப் பிளேனுக்குள்ள என்னால இருக்க ஏலாதம்மா. சத்தம் கேட்டாலே நடுங்குது. பொம்மர் கதை எத்தனை சொல்லியிருப்பீங்கள்? கடலைப் பற்றி நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே."

உண்மைதான். குண்டு போடும் விமானங்களுக்குப் பயந்து பங்கர் குழிக்குள் பாய்ந்த கதைகளைச் சோறு தீத்தும்போது சிரிக்கச் சிரிக்கச் சொன்னது நான்தான். சிரிக்க முடியாத கதையை மட்டும் எனக்குள் வைத்துக்கொண்டேன்.

"நாளைக்குத் திரும்பி வர வேணும். எதில வாறது, நீங்களே சொல்லுங்கோ."

கணவரைப் பார்த்தேன்.

"பிள்ளை," என்றேன், "உனக்கு ஒரு மாமா இருந்தவர்."