அப்பாவுக்காகப் படுத்த மீன்

சூரமங்கலத்தில் வண்ணமீன் கடை வைத்திருந்த மாமா அந்த ஆஸ்கர் மீனைக் கொண்டுவந்து தொட்டியில் விட்டபோது, அது என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. அடுத்த வருடத்துக்குள் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வளர்ந்துவிட்டது. கறுப்பு உடம்பில் ஆரஞ்சுத் திட்டுகள், வாலடியில் கண்ணைப் போல ஒரு புள்ளி. நிஜக் கண்ணைக் கண்டால்தான் எனக்குப் பயம். நான் நடந்தால் அதுவும் கூடவே திரும்பும். துணைக்கு விட்ட சின்ன மீன்களையெல்லாம் விழுங்கிவிட்டு, இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற பாவனையில் நிற்கும். அப்பாவைக் கண்டால் மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு மேலே வந்து அவர் கையிலேயே தின்னும்.

அப்பா ரிக் வண்டியில் போர்க்கிணறு போடப் போகிறவர். சத்தீஸ்கர் பக்கம் போனால் திரும்ப மாதக்கணக்காகும். வீட்டுக்கு வருகிற கண்டத்தை வளர்ப்பு மீன் தன் மேல் வாங்கிக்கொள்ளும் என்று எங்கள் ஊரில் எல்லோரும் நம்பினார்கள். அதனால் அப்பா ஊரில் இல்லாதபோது அந்த மீனை நான் சாமியைப் பார்ப்பதுபோலப் பார்ப்பேன்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது மீன் தொட்டியின் அடியில் ஒருக்களித்துக் கிடந்தது. செவுள் மட்டும் அசைந்தது. நிறம் வெளுத்திருந்தது. இறால் போட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா கன்னத்தில் கைவைத்து எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"உங்கப்பனுக்கு என்னமோ வருது சாமி. அத இது வாங்கிட்டுப் படுத்திருக்குது."

அப்பாவின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருந்தது. மீன் தாங்காமல் செத்துப்போனால் மிச்சக் கண்டம் யார் மேல் விழும் என்று யோசித்து யோசித்து, எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அம்மா என்னை மாரியம்மன் கோயிலுக்குப் பூக்கேட்கக் கூட்டிப்போனாள். வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். பூசாரி இரண்டையும் அம்மன் காலடியில் வைத்துவிட்டு, குழந்தை கையால் ஒன்றை எடுக்கச் சொன்னார். வெள்ளை வந்தால் பயமில்லை. சிவப்பு வந்தால் அப்பாவை உடனே வரவழைக்க வேண்டும் என்று அம்மா வேண்டிக்கொண்டாள். அப்பாவின் உயிரே என் விரலில் இருப்பதாக நம்பினேன். எடுத்தேன். பிரித்தால் சிவப்பு.

நான் பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டேன். அம்மாவோ பெருமூச்சு விட்டு, குங்குமத்தை எடுத்து நிதானமாக நெற்றியில் வைத்துக்கொண்டாள். எனக்காகத் தைரியம் காட்டுகிறாள் என்று நினைத்தேன்.

அம்மா ரிக் முதலாளிக்குப் போன் போட்டு அழுததில், பாதி வேலையில் அப்பா வந்து சேர்ந்தார். உடம்பெல்லாம் புழுதி, வேறு ஒரு குறையும் இல்லை. நான் அவர் லுங்கியைப் பிடித்த பிடியை விடவே இல்லை. சேதி கேட்டு வந்த மாமா தொட்டியைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"கோவிச்சுட்டுப் படுத்திருக்குதுக்கா. கல்ல எடம் மாத்தி வெச்சா இந்த மீனு இப்பிடித்தான் பண்ணும். குடுக்கறப்பவே சொன்னனே."

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு மீனு கோவிச்சதுக்கு என்னய சத்தீஸ்கர்ல இருந்து வர வெச்சுட்டயே" என்றார். அம்மா அன்றைக்குக் கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். அவள் தலையில் மல்லிகைப்பூ இருந்தது. இத்தனை பேர் முன்னால் ஏமாந்துபோனவளுக்கு வெட்கமாக இராதா என்று எனக்குத்தான் பாவமாக இருந்தது.

அப்பா மறுபடி வடக்கே போனார். சில வாரம் கழித்து ஒரு சாயங்காலம், அம்மா கையை முழங்கை வரை தொட்டிக்குள் விட்டுக் கற்களை ஒவ்வொன்றாக இடம் மாற்றிக்கொண்டிருந்தாள். மீன் ஒரு மூலையில் ஒதுங்கி அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. மாமா சொன்னதெல்லாம் எனக்கு அந்த நேரத்தில் மறந்துபோனது. மீன் படுத்துக்கொள்ளும், அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று கத்தினேன்.

"படுத்தாப் படுக்கட்டும் சாமி" என்றாள் அம்மா, திரும்பிப் பார்க்காமலே.

நான் அழ ஆரம்பித்தேன். அவளுக்கு மட்டும் ஏன் பயமே இல்லை என்று எனக்கு அன்று விளங்கவில்லை.