குருட்டு ராஜாவின் சொடுக்கு

எங்கள் படாளம் பக்கத்துக் கூத்தில் குருட்டு ராஜா வந்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு கையையும் நீட்டிக் காற்றைத் துழாவுவாராம், கோமாளி கட்டியக்காரன் மேலேயே போய் விழுவாராம். பிறந்ததிலிருந்தே எனக்குப் பார்வை இல்லை. பக்கத்தில் இருப்பவர்கள் சொல்லித்தான் தெரியும். ஜனம் சிரிப்பது மட்டும் எனக்கே கேட்கும். திருவிழா முடிந்து கொஞ்ச நாளைக்கு ஊர் என்னையும் அந்த ராஜாவாகவே நடத்தும். செங்கல்பட்டுக்குத் தனியாக பஸ் ஏறி ஆபீஸ் போய் வருகிறவளை, தெருமுனையில் ரோட்டைக் கடத்திவிடுகிறேன் என்று கையைப் பிடித்து இழுப்பார்கள்.

இந்த வருஷம் அந்த வேஷம் எங்கள் தெரு ஷேர் ஆட்டோக்காரனுக்கு. ஒத்திகை ஆரம்பித்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வந்து உட்கார ஆரம்பித்தான்.

"இன்னாடா, திடீர்னு அக்கா மேல பாசம்?"

"சும்மாதாங்கா. வூட்ல போர் அடிக்குது."

எனக்கா தெரியாது? நான் உட்கார்ந்திருக்கும்வரை தொணதொணவென்று பேசுவான். நான் எழுந்தால் பேச்சு நின்றுவிடும். கேட்டிருந்தால் எல்லாம் சொல்லிக் கொடுத்திருப்பேன். நான் நடப்பதையும் உட்காருவதையும் திருட்டுத்தனமாகப் பார்ப்பதுதான் எரிச்சல்.

வேவு பார்க்கத்தான் வருகிறான் என்று உறுதி செய்துகொள்ள ஒரு பொறி வைத்தேன். நாற்காலியில் உட்காரும் முன் இரண்டு தரம் சொடுக்குப் போட்டேன். ஆயுசில் நான் அப்படிச் செய்ததே இல்லை. அவன் வரும்போதெல்லாம் போட்டேன்.

கூத்தன்று முன்வரிசையில் உட்கார்ந்தேன். திரைக்குப் பின்னால் பாட்டு முடிந்து, ராஜாவின் சலங்கை நிதானமாக நடந்து வந்தது. துழாவவில்லை, விழவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். ஒருவரும் சிரிக்கவில்லை. பாவம், நல்லதுக்குப் பார்த்தவனைப் போய்ச் சந்தேகப்பட்டோமே என்றிருந்தது. அப்போது மைக்கில் டக், டக் என்று சொடுக்கு. ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்தார்.

"அச்சு அசலா குருடன் மாறியே கீது பாரேன்," என்று பின்னால் யாரோ மெச்சினார்கள்.

திங்கட்கிழமை பஸ்ஸில் ஒரு அம்மா எழுந்து எனக்கு இடம் கொடுத்தார். என் வெள்ளைக் கோலை மடக்கிவிட்டு உட்கார்ந்தேன். அவர் நகரவில்லை.

"ஏம்மா, கூத்துல ராஜா சொடுக்கு போட்டு எடம் பாத்துத்தானே குந்துனாரு. நீ பாட்டுக்கு வந்து குந்திகினியே."

நான் வாயைத் திறக்குமுன் குனிந்து, முகத்துக்கு நேரே மெதுவாகக் கேட்டார்:

"நெஜமாவே உனக்குக் கண்ணு தெரியாதா?"